மதகு மட்டும்

சீனி இருநூற்றி எழுபது.
கிளினிக் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்
டொக்டர் பெடியன் சொன்னான்:
ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ அக்கா.
எங்கே என்று கேட்டேன்.
எங்கையும், என்றான்.

வட்டக்கச்சியில் எங்கையும் என்று ஓர் இடமில்லை.
சந்தை இருக்கிறது. சங்கக்கடை இருக்கிறது.
உரமானியப் படிவங்களுக்குள் நான் குனிந்திருக்கும்
கமநல நிலையம் இருக்கிறது.

முதல் நாள், விடிய ஐந்தேகால்.
நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக
நாடா கட்டுகிற சப்பாத்து.
வாய்க்கால் றோட்டில் நூறு யார் போயிருக்கமாட்டேன்,
பால்கான் கட்டிய மோட்டார் சைக்கிள் நின்றது.
ஏறுங்கோ அக்கா, எங்க இறக்க?
நடக்கிறன் நகுலேஸ்.
அதுதான், எங்க?
சும்மா.
சும்மாவோ!
எஞ்சினை நிப்பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தான்,
வீட்டில் சண்டையோ என்று கேட்காத குறை.
ஏறிவிட்டேன்.
சந்தியில் இறங்கி, தேவையில்லாமல் ஒரு றாத்தல் பாண் வாங்கி
ஓட்டோவில் திரும்பினேன்.
பாணை ஆர் சாப்பிட்டது என்று இங்கே எழுதமாட்டேன்.

இரண்டாம் நாள் உழவு இயந்திரம் நின்றது.
மூன்றாம் நாள் மீன்பெட்டி.
இந்த ஊரில் நடக்கிற ஆளை
ஒருத்தரும் நடக்க விடமாட்டினம்.
நாலாம் நாள் கையில் வெறும் போத்தல் ஒன்று கொண்டுபோனேன்,
மண்ணெண்ணெய்க்குப் போகிறவள் மாதிரி.

ஆறாம் நாள் மழை.
ஏழாம் நாள் மழையில்லை, வரப்பார்த்தது.
எட்டாம் நாள் முழங்கால்.
பிறகு சாட்டுத் தேடக்கூட எழும்பவில்லை.

கதவடியில் கிடந்த சப்பாத்துக்குள்
தேரையொன்று குடிவந்திருந்தது.
முற்றத்தில் கொண்டுபோய்த் தட்டினேன்.
தேரை போனது.
கையில் சப்பாத்து மிஞ்சியது.
போட்டுப் பார்த்தேன்.
படலை மட்டும் போனேன், திரும்பினேன்.
இதை நடையென்று சொல்லலாமோ?
கலண்டரில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன்,
பேனை அழுத்தாமல்.

அரை மணித்தியாலம் என்றால் கால் வராது.
மருதமரம் மட்டும் என்று சொன்னால் வரும்.
மருதடியில் நின்று, மதகு மட்டும் என்று இன்னொரு பொய்.
மதகடியிலிருந்து எப்படியும்
வீட்டுக்கு வரத்தானே வேணும்.

ஒரு விடியல் மதகுக்கட்டில் குந்தியிருந்து
மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தேன்:
இதற்கு முதல் இவ்வளவு தூரம் நடந்தது எப்ப?
அந்த மாரி.
இதே வாய்க்காலோரம்,
தலையில் தறப்பாள், கையில் கேத்தல்,
முன்னுக்கும் பின்னுக்கும் சனம்.
அப்பவும் எங்கே என்று கேட்டோம்.
எங்கையும், என்றார்கள்.
ஒருத்தரும் மணித்தியாலம் பார்க்கவில்லை.
இந்தக் கால்களுக்குத் தெரிந்த நடை அதுதான்,
பாவம், பயத்தில்தான் இத்தனை நாள் மறுத்திருக்கின்றன
என்று எழுத எனக்கும் ஆசை.
பாதி பயம்.
மற்றப் பாதி பஞ்சி.

எழும்பித் திரும்பினேன்.
வீடு விட்ட இடத்திலேயே இருந்தது.
கேத்தல் அடுப்பில் இருந்தது.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்,
பிறகு சீனி போடாமல் தேத்தண்ணி ஊற்றினேன்.
வாயில் வைக்க ஏலாது.

இப்போது நகுலேஸ் நிற்பதில்லை.
வேகத்தைக் குறைத்து, போகிற போக்கில் கேட்பான்:
இண்டைக்கு எங்க மட்டும்?
மதகு.
நேற்றும் மதகுதானே!
கான்கள் கிலுங்க அவன் போய்விடுவான்.
அந்த ரோசத்தில் ஒருநாள் இரண்டாம் மதகு.
அடுத்த நாள் போகாமலே
போனேன் என்று அவனுக்குச் சொன்னேன்.
புள்ளி வைக்கவில்லை,
கலண்டருக்குப் பொய் சொல்ல ஒரு மாதிரிக் கிடந்தது.

நேற்றுக் கிளினிக்.
இருநூற்றிப் பதினெட்டு.
அந்தப் பெடியன் மாற்றலாகிப் போய்விட்டான்.
புதுப் பிள்ளை கொப்பியைப் புரட்டி,
நடக்கிறனீங்களோ என்றாள்.
ஓம்.
எங்க?
பதில் சொல்ல வாயெடுக்க முதல்
அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

இப்ப ஐந்து பத்து. பனி.
ஒரு நாடா கட்டியாயிற்று,
மற்றதில் சிக்கு.
றோட்டில் பால்கான் சத்தம் கேட்கிறது.